செக்கன் முள்ளு நடை மாறினால்

நாடி பார்க்கிறவர்களுக்கு மணிக்கூட்டில் செக்கன் முள்ளுதான் முதன்மையான முள்ளு. மற்ற இரண்டும் நேரம் பார்க்கத்தான். யாழ்ப்பாணத்தில் தாதியாக நெடுங்காலம் வேலை செய்திருக்கிறேன். நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, சேலைன் துளி என்று எல்லாவற்றையும் அந்த மெல்லிய முள்ளை நம்பித்தான் எண்ணுவோம். இப்போது விரலில் மாட்டினால் துடிப்பைக் காட்டும் கருவி இருக்கிறது, சேலைனுக்குப் பம்பும் இருக்கிறது. ஆனாலும் எல்லாக் கட்டிலுக்கும் ஒவ்வொன்று கிடைப்பதில்லை. அதைவிட, நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணும்போது துடிப்பு ஒழுங்காக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று கைக்குத் தெரியும். இலக்கம் மட்டும் காட்டும் கருவி அதைச் சொல்லாது.

அதனால் மணிக்கூட்டின் பற்றரி எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. நின்றுவிட்ட மணிக்கூடு ஆபத்தில்லாதது, நின்றுவிட்டது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். நிற்கப்போகிற மணிக்கூட்டைத்தான் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. எப்படிச் சொல்கிறது என்பதை வேலையில் பார்த்துப் பழகியவரையில் எழுதுகிறேன்.

ஓர் இரவு வேலையில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி பதற்றத்தோடு வந்தாள்.

"அக்கா, என்ரை மணிக்கூடு நொண்டுது. ரெண்டு செக்கனை ஒரேயடியாப் பாயுது. பழுதாப் போச்சோ?"

வாங்கிப் பார்த்தேன். முள்ளு ஏறக்குறைய இரண்டு செக்கன் பேசாமல் நின்றது. பிறகு இரண்டு கோட்டை அடுத்தடுத்துத் தாண்டியது. மறுபடி நின்றது, மறுபடி இரண்டு பாய்ச்சல்.

"பழுதில்லைப் பிள்ளை. பற்றரி முடியப்போகுது எண்டு சொல்லுது. விடிஞ்சு வீட்டை போகேக்கை மாத்திப்போட்டுப் போ."

"அப்ப இவ்வளவு நேரமும் நான் எண்ணினது பிழையோ?"

அவள் கேட்டது சரியான கேள்வி. பிழை இல்லை என்பதுதான் பதில். இரண்டு இரண்டாகப் பாய்ந்தாலும் நிமிடத்துக்கு அறுபது செக்கன் குறையாமல் வரும், நேரம் பிசகாது. முள்ளு பாய்ந்து நிற்கிற இடத்தில் எண்ணத் தொடங்கி, முழு நிமிடமும் எண்ணி, அதே மாதிரிப் பாய்ந்து நிற்கிற இடத்தில் முடித்தால் கணக்குச் சரி. பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்குகிற பழக்கம் உள்ளவர்கள் மட்டும் அந்த நேரத்தில் அதை விட்டுவிட வேண்டும். இரண்டிரண்டாகப் பாய்கிற முள்ளு பதினைந்தில் வந்து நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை, வருகிற சின்னப் பிசகும் நான்கு மடங்காகிவிடும்.

இந்தப் பாய்ச்சல் தற்செயலாக வருவதில்லை. மணிக்கூட்டைச் செய்தவர்களே வேண்டுமென்று வைத்த அறிவிப்பு அது. பற்றரியில் ஓடும் மணிக்கூட்டுக்குள்ளே சின்னக் குவாட்ஸ் பளிங்கு ஒன்று இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதி, பாதியாகப் பதினைந்து முறை பிரித்தால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றுதான் செக்கனுக்கு ஒரு தட்டாகச் சின்ன மோட்டருக்குப் போய் முள்ளைத் தள்ளுகிறது. சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று யப்பானில் விற்பனைக்கு விட்ட 'அஸ்ட்ரோன்' தான் உலகின் முதல் குவாட்ஸ் கைமணிக்கூடு. இன்று கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற மணிக்கூட்டுக்குள்ளும் அதே வழிதான். பற்றரியின் வலு ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், உள்ளே இருக்கிற மின்சுற்று அதை உணர்ந்து, ஒவ்வொன்றாகக் கொடுத்த தட்டை இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும். பளிங்கு அதிர்வதில் மாற்றம் இல்லை, அதனால்தான் நேரம் பிசகுவதில்லை. சில சுவிஸ் மணிக்கூடுகளில் பாய்ச்சல் நான்கு செக்கனுக்கு ஒருமுறை வரும்.

இந்த அறிவிப்புத் தொடங்கியபின் எவ்வளவு நாள் ஓடும் என்பது மணிக்கூட்டுக்கு மணிக்கூடு வேறுபடும். சில நாளிலும் நிற்கும், சில கிழமை ஓடுவதும் உண்டு. 'இன்னும் ஓடுதுதானே' என்று இருந்துவிடக் கூடாது. பாய்ச்சலைக் கண்டால் அந்தக் கிழமையே மாற்றுங்கள்.

இதை அறியாததால்தான் பலர் மணிக்கூடு 'மெல்ல மெல்லப் பிந்தும், அப்போது மாற்றலாம்' என்று காத்திருக்கிறார்கள். சாவி கொடுக்கிற மணிக்கூட்டில் பழகியவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் கைமணிக்கூட்டுக்கு நல்லதென்று போடுவது வெள்ளி ஒட்சைட் பற்றரி. அதன் வலு 1.55 வோல்ற். புதிதாகப் போட்ட நாளிலிருந்து முடிகிற காலம்வரை அது ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும், கடைசியில் சடாரென்று விழும். ஆகவே இரண்டு மூன்று வருடம் ஒரு குறையும் காட்டாமல் ஓடிய மணிக்கூடு, முடிகிற நேரத்தில் குறுகிய காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. மாதத்துக்குப் பதினைந்து இருபது செக்கன் முன்பின் போவது சாதாரணக் குவாட்ஸ் மணிக்கூட்டுக்கு வழக்கம்தான், அதைப் பற்றரியின் குறையாக எடுக்கத் தேவையில்லை.

எல்லா மணிக்கூடும் பாய்ந்து காட்டுவதில்லை. விலை குறைந்த பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. எங்கள் வேலைக்கு ஆபத்து வருவதும் அவற்றிலிருந்துதான். வலு குறைந்ததும் மோட்டருக்கு முள்ளை ஏற்றப் பலம் காணாது. முள்ளு துடிக்கும், ஆனால் அடுத்த கோட்டுக்குப் போகாது. வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 8, 9 பக்கத்தில்தான் முள்ளு நின்று துடிக்கும். கீழே 6 இலிருந்து மேலே 12 க்கு ஏறுகிற வழியில் முள்ளைத் தூக்குவது அங்கேதான் கடினம். 12 இலிருந்து கீழே இறங்கும்போது முள்ளின் பாரமே அதை இழுத்துவிடும். தாதிமார் சட்டையில் குத்துகிற மணிக்கூடு தலைகீழாகத் தொங்குவது, 12 கீழே இருக்கும். ஆகவே அதில் இந்தத் தடுமாற்றத்தை 3 பக்கத்தில் தேட வேண்டும். மேசையில் படுக்க வைத்தால் முள்ளு சரியாக ஓடும், நிமிர்த்திப் பிடித்தால் தடுமாறும். இப்படி நடந்தால் பற்றரி முடிந்துவிட்டது, அல்லது உள்ளே பல்லுச் சில்லுகள் இறுகியிருக்கின்றன. மூன்றாவது காரணத்தைத் தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

முள்ளு இடையிடையே தவறும்போது என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கூடு ஒரு நிமிடத்தைக் காட்டி முடிக்க உண்மையில் 65 செக்கன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாடி 72 உள்ளவருக்கு நீங்கள் எண்ணுவது 78. சேலைன் இதைவிடச் சிக்கல். 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி வர வேண்டும். பிந்துகிற மணிக்கூட்டை வைத்து 42 க்குச் சரிசெய்தால், உண்மையில் துளி குறைவாகத்தான் போகும். முடிய வேண்டிய நேரத்துக்குப் போத்தலில் மிச்சம் இருக்கும். சின்னக் குழந்தையின் மூச்சு எண்ணுகிற இடத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பாரதூரமானது, அங்கே சில எண்கள் கூடினாலே வைத்தியரின் முடிவு மாறும். அதனால் என்னிடம் பழகிய பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். வேலைக்கு வந்தவுடன் மணிக்கூட்டை நிமிர்த்திப் பிடித்து, செக்கன் முள்ளு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். கைபேசியில் இருக்கிற நேரத்தோடும் ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் செலவாகாது.

திகதி காட்டுகிற மணிக்கூட்டுக்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. நள்ளிரவை அண்டித் திகதிச் சில்லைத் திருப்புவது மோட்டருக்குப் பாரம் கூடிய வேலை. வலுக் குறைந்த பற்றரி பகல் முழுக்கச் சமாளித்து, அந்த இடத்தில் நின்றுவிடும். காலையில் எழும்பிப் பார்க்கும்போது 11.50, 12.10 என்று நிற்கிறது, திகதி பாதி மாறியபடி இருக்கிறது. திருகித் திகதியைத் தாண்ட வைத்தால் மறுபடி ஓடும். 'சரி, ஓடிவிட்டது' என்று விட்டால் அடுத்த இரவும் அதே கதை.

எண் காட்டுகிற மணிக்கூட்டில் முள்ளு இல்லை, அதனால் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். எண்கள் மங்கும், சரித்துப் பார்த்தால்தான் தெரியும். முதலில் சோர்வது வெளிச்சம். வெளிச்சப் பொத்தானை அழுத்தும்போது எண்கள் ஒரு கணம் மறைந்து வந்தாலோ, அலாரம் அடிக்கும்போது சத்தம் மெலிந்து கேட்டாலோ பற்றரி முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சமும் சத்தமும் ஒரேயடியாகக் கூடிய மின்சாரத்தை இழுப்பவை, வலு இல்லாத பற்றரிக்கு அது தாங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுகிற கேசியோ எஃப்-91 டபிள்யூ மணிக்கூட்டில் சிஆர் 2016 என்ற லிதியம் பற்றரி இருக்கிறது, ஏழு வருடம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. 2016 என்றால் 20 மில்லிமீற்றர் அகலம், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. 2032 என்றால் அதே அகலம், 3.2 தடிப்பு. இப்படி எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் தவறானதைத் தரும்போது கண்டுபிடிக்கலாம்.

இனி, பற்றரி இல்லாத காரணங்கள். மணிக்கூடு நின்றதும் கடைக்கு ஓடுவதற்குமுன், நேரம் மாற்றுகிற திருகியைப் பாருங்கள். குளிக்கும்போதோ சட்டையில் மாட்டுப்பட்டோ அது கொஞ்சம் வெளியே வந்திருந்தால் முள்ளு நிற்கும். உள்ளே அழுத்தினால் ஓடும். அடுத்தது காந்தம். கைபேசி உறையின் மூடியில் காந்தம் இருக்கும், கைப்பையின் பூட்டில் இருக்கும், வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் இருக்கும். இரவில் மணிக்கூட்டைக் கழற்றி அந்த உறைக்கு மேலேயே வைத்துவிட்டுப் படுப்பவர்கள், காலையில் பிந்தியிருக்கிறது என்று முறையிடுவார்கள். சின்ன மோட்டர் காந்தத்தால்தான் வேலை செய்வது, பக்கத்தில் வேறொரு காந்தம் வந்தால் தடுமாறும். தள்ளி வைத்தால் தானாகச் சரியாகும்.

புதுப் பற்றரி போட்டும் சில மாதத்திலேயே நின்றால் குற்றம் பற்றரியிலோ மணிக்கூட்டிலோ என்று பிரித்தறிய வேண்டும். பழைய மணிக்கூட்டில் உள்ளே விட்ட எண்ணெய் காய்ந்து பசைபோல் ஆகியிருக்கும், சில்லைச் சுற்ற மோட்டர் கூடிய மின்சாரத்தை இழுக்கும். அப்போது எத்தனை பற்றரி போட்டும் பயன் இல்லை, துப்புரவாக்கிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் காரணம் எளிது. வெள்ளி ஒட்சைட்டுக்குப் பதிலாக அல்கலைன் பற்றரியைப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே தோற்றம். எண்ணுக்கு முன்னால் எஸ்ஆர் என்று இருந்தால் வெள்ளி ஒட்சைட், எல்ஆர் என்று இருந்தால் அல்கலைன். எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்பதும் 377 என்பதும் ஒன்றுதான், கைமணிக்கூடுகளில் மிகப் பரவலாக இருப்பது அது. எல்ஆர் 626 அல்லது ஏஜி 4 என்று எழுதியிருந்தால் அது அல்கலைன். விலை குறைவு, வலு மெல்ல மெல்ல இறங்கும், கசிவதற்கும் கூடிய வாய்ப்பு. பொம்மைக்குப் போடலாம். நாடி பார்க்கிற மணிக்கூட்டுக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பற்றரி என்றால் ஒரு நினைவு உண்டு. 1990 இல் போர் மறுபடி தொடங்கியபின் இங்கே மின்சாரம் இல்லை, கொண்டுவரத் தடை செய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. முடிந்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் பாவிப்போம். சூடு ஏறினால் உள்ளே இரசாயன மாற்றம் கொஞ்சம் விரைவாகும், மிஞ்சியிருந்த வலு வெளியே வரும், அதனால் அந்த வழி உண்மையில் வேலை செய்தது. சாவி கொடுக்கிற மணிக்கூடு வைத்திருந்தவர்கள் அந்த வருடங்களில் நேரம் தெரிந்தவர்கள். எங்கள் அப்பாவின் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் சுவர் மணிக்கூட்டைத் திருத்துவார்கள்.

அந்தக் காலத்தைக் கடந்து வந்த எங்கள் அம்மாமார் இன்றைக்கும் நின்ற மணிக்கூட்டை முற்றத்து வெயிலில் வைப்பதைப் பார்க்கிறேன். அவர்களின் சிக்கனத்தில் எனக்கு மதிப்பு உண்டு. அந்தச் சிக்கனம் ஒரு சனத்தைக் காப்பாற்றியது. ஆனால் கைமணிக்கூட்டுப் பற்றரிக்கு இது பொருந்தாது. முடிந்த பற்றரி சூட்டில் கசியத் தொடங்கும். உள்ளே இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு போன்ற காரம். வெளியே வந்தால் செம்புச் சுருளையும் சுற்றையும் அரிக்கும். திறந்து பார்த்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு பற்றரி மாற்றி வேலை இல்லை, உள்ளே இருக்கிற இயந்திரத்தையே மாற்ற வேண்டும்.

இதனால்தான் நின்ற மணிக்கூட்டுக்குள் பழைய பற்றரியை விட்டுவைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுகிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒரு மணிக்கூடு பெட்டியோடு கிடக்கும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா கொண்டுவந்தது, கலியாணத்துக்குக் கட்டலாம் என்று பத்திரமாக வைத்தது. வருடங்கள் போனபின் எடுத்துப் பார்த்தால் உள்ளே பொருக்கு. நீண்ட காலம் வைக்கிறதென்றால் பற்றரியைக் கழற்றி வைப்பதே நல்லது. சில மாதம் மட்டும் என்றால் திருகியை வெளியே இழுத்து வைக்கலாம். முள்ளு நிற்கும், பற்றரி குறைவாகச் செலவாகும். புதிதாக வந்த மணிக்கூட்டின் முதல் பற்றரி விரைவாக முடிந்தால் ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பற்றரி தொழிற்சாலையில் போட்டது, கப்பலிலும் கடையிலும் இருந்த காலமும் அதன் கணக்கில்தான் சேரும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவற்றில் வெளிச்சத்தால் ஓடும் மணிக்கூடும் இருக்கும். சிற்றிசன் நிறுவனத்தின் ஈக்கோ டிரைவ் அந்த வகை. அதிலும் செக்கன் முள்ளு இரண்டு இரண்டாகப் பாயும். அங்கே அதன் பொருள், பற்றரியை மாற்று என்பதல்ல, வெளிச்சத்தில் வை என்பது. நீண்ட கைச் சட்டைக்குள்ளோ அலுமாரிக்குள்ளோ இருந்தால் அப்படி ஆகும். முகப்பை வெளிச்சம் பார்க்கத் திருப்பி யன்னலோரம் வையுங்கள், கொதிக்கிற வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே இருப்பது மின்னேற்றிப் பாவிக்கிற வேறு வகைப் பற்றரி. அவசரத்தில் சாதாரணப் பற்றரியை அதற்குள் போடவிடக் கூடாது. உறவுக்காரப் பிள்ளை ஒருவனின் மணிக்கூட்டுக்கு ஒரு கடையில் அப்படிச் செய்து கொடுத்து, அது கொஞ்சக் காலத்தில் கசிந்து போனது. பின்மூடியைப் படித்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கடையில் மாற்றுவதைப் பற்றி. கஸ்தூரியார் வீதிப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு இருக்கிற அண்ணைமாரிடம் கொடுத்தால், பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல வேலைக்காரர் வெறும் விரலால் பற்றரியைப் பிடிக்க மாட்டார். விரலின் வியர்வையும் எண்ணெயும் பற்றரியில் ஒட்டினால் தொடும் இடம் கெடும். உலோகச் சாமணத்தால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து புதுப் பற்றரியே வலு இழக்கும், பிளாஸ்ரிக் சாமணம் அதற்காகத்தான். பழையதை வோல்ற் அளக்கிற மீற்றரில் வைத்துப் பார்ப்பார். வெள்ளி ஒட்சைட் பற்றரி 1.55 அளவில் காட்டினால் குறை வேறிடத்தில், 1.5 க்கு வெகுவாகக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். எண் காட்டும் கேசியோக்களில் பற்றரி போட்டபின் ஏசி என்று எழுதியிருக்கிற சின்னப் பள்ளத்தையும் பற்றரியின் மேற்பக்கத்தையும் உலோகச் சாமணத்தால் ஒரு கணம் தொட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எண்கள் வராமலோ கண்டபடி வந்தோ குழப்பும். அப்படி வந்த மணிக்கூட்டை 'பழுது' என்று திருப்பிக் கொடுத்ததையும் கண்டிருக்கிறேன்.

மூடுவதற்குமுன் ரப்பர் வளையத்தைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரிலிருந்தும் கடல் தூரமில்லை. உப்புக் காற்று, வியர்வை, மாரியில் ஈரம். பின்மூடிக்குக் கீழே இருக்கிற அந்த வளையம் நசிந்தோ வெடித்தோ இருந்தால் பற்றரி மாற்றிய கையோடு தண்ணீர் உள்ளே போக வழி திறந்துவிட்டது என்று பொருள்.

"அண்ணை, வாசரைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான் மிஸ். காஞ்சு போச்சு. புதுசு போட்டு, கொஞ்சம் சிலிக்கன் கிறீசும் பூசி விடுறன். ஆனா இனிக் கீரிமலைக் கேணியிக்கை குதிக்கேக்கை கழட்டி வையுங்கோ."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பின்மூடியில் 30 மீற்றர் என்று எழுதியிருப்பதை நம்பி முப்பது மீற்றர் ஆழம் போகலாம் என்று நினைக்கக் கூடாது. கை கழுவும்போதும் மழையிலும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதே அதன் அளவு. கேணியிலோ காரைநகர்க் கடலிலோ நீந்துவதற்கு 100 மீற்றர் என்று எழுதிய மணிக்கூடு வேண்டும், அதுவும் திறந்து மூடியபின் தண்ணீர் புகுகிறதா என்று சோதித்ததாக இருக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் அன்றைக்கே திறக்கக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு கிழமை பொறுக்காது.

இன்னும் ஒன்று கேட்டு வாங்குங்கள். புதுப் பற்றரியின் மேல், மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் மெல்லிய பேனையால் எழுதச் சொல்லுங்கள். சிலர் பின்மூடியின் உட்புறத்தில் கீறிவிடுவார்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பற்றரி எவ்வளவு காலம் ஓடியது என்று உடனே தெரியும். வழக்கமாக இரண்டு வருடம் ஓடுகிற மணிக்கூடு, வெள்ளி ஒட்சைட் பற்றரி போட்டும் ஆறு மாதத்தில் நின்றிருந்தால், அது பற்றரி விசயம் அல்ல என்று திறந்தவுடனேயே விளங்கிவிடும்.

சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குள் கைபேசியும் ஸ்மார்ட் மணிக்கூடும் கொண்டுபோக முடியாது, முள்ளு மணிக்கூடுதான் துணை. வருடத்தில் பெரும்பகுதி மேசை லாச்சிக்குள் கிடந்த மணிக்கூட்டைப் பரீட்சைக்கு முதல் நாள் எடுத்துக் கட்டிவிடாதீர்கள். இரண்டு கிழமைக்குமுன் எடுத்து, நிமிர்த்தி வைத்து, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுக் கைபேசியோடு ஒத்துப் பாருங்கள். பிந்தினால் மாற்ற இன்னும் நாள் இருக்கும்.

கடைசியாக, கழற்றிய பழைய பற்றரி. இதைத் தாதியாகவே சொல்கிறேன். மணிக்கூட்டுக்கு முடிந்த பற்றரி, குழந்தையின் உடம்புக்குள் போனால் முடிந்ததாக இருக்காது. மிஞ்சியிருக்கிற வலுவே போதும். ஈரமான சதையில் ஒட்டியதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகும். 20 மில்லிமீற்றர் லிதியம் பற்றரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண் ஆக்கும். கைமணிக்கூட்டுச் சின்னப் பற்றரி பெரும்பாலும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். ஆனால் மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ பிள்ளைகள் தள்ளிவிட்டால் அதுவும் சில மணித்தியாலத்தில் சதையை அரிக்கும். முதலில் தெரிகிற குறிகள் சாதாரணமானவை. எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாறிய சளி வரும். பற்றரி விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிட ஒன்றும் கொடுக்காதீர்கள். வந்தவுடன் 'பற்றரியாக இருக்கலாம்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயமும் வட்டம்தான், பற்றரியும் வட்டம்தான். பற்றரிக்கு ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும், அதைத் தேடிப் பார்க்க வைப்பது நீங்கள் சொல்கிற அந்தச் சொல்தான். அதே வகைப் பற்றரியின் பெட்டி வீட்டில் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், எண்ணைப் பார்த்து அளவை அறியலாம்.

கடையில் மாற்றினால் பழையதை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டில் மாற்றினால் இரண்டு பக்கத்துக்கும் ரேப் ஒட்டி, மூடியுள்ள போத்தலில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, அடுத்த முறை கடைக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.